ஒரு முழச் சுவர்

நவம்பர் 6

சின்னவளுக்குப் பெரியவள் எழுதுவது.

இங்கே நான் சுகம். நீயும், உன் மகளும், மருமகனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் இதை மறக்கவும் இல்லை.

வீட்டை இரண்டாகப் பாகம் பிரித்த அன்றைக்கு நீ பச்சைச் சேலை, முந்தானையில் சுண்ணாம்பு. நான் வாசற்படியில் நின்று, "இனி செத்தாலும் உன்கிட்ட வாய் தெறக்க மாட்டேன்" என்றேன். முப்பத்தொரு வருஷம் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்றால் சொல்லவில்லை என்று அர்த்தம்.

கேட்க வந்தது இதுதான். சுவரை என்ன செய்தாய்?

நீ செப்டம்பர் கடைசியில் மகள் வீட்டுக்குப் போனாய். அக்டோபர் பாதியில் நம் நடுச்சுவர் செத்துப்போயிற்று. முப்பது குளிர்காலம் அந்தச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் நான். பொழுது சாய்ந்தால் அது வெதுவெதுப்பாக இருக்கும். இப்போது தொட்டால் பிணத்தைத் தொட்டது மாதிரி இருக்கிறது. போகிற போக்கில் அந்தப் பக்கம் ஏதாவது இடித்தாயா, தண்ணீர் விட்டாயா, உள்ளதைச் சொல்லிவிடு.

நீ போனது எனக்குச் சந்தோஷம்தான். வாசலில் உன் மரத்து இலை குறைந்திருக்கிறது.

இப்படிக்கு,
பெரியவள்

*

நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் நலம். உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நவம்பரில் தொடங்குமே.

நான் எதையும் இடிக்கவில்லை. கிளம்பிய அன்று உங்கள் கதவிடுக்கில் ஒரு கவர் போட்டேனே, கிடைத்ததா?

இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. பதினோராவது மாடி. குளிருக்கு ஒரு மிஷின், வெக்கைக்கு ஒரு மிஷின். வெயிலும் உண்டு. எதிர்க்கட்டிடத்துக் கண்ணாடியில் பத்து மணிக்கு வரும், பார்ப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சின்னவள்

*

நவம்பர் 25

சின்னவளுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

கவர் கிடைத்தது. திறக்கவில்லை. உன் கையால் கொடுத்த எதையும் தொட மாட்டேன் என்று தெருவுக்கே தெரியும். மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

இங்கே நடப்பது வேறு. என் மகன் ஹீட்டர் ஒன்று அனுப்பினான். போட்டால் அரை மணியில் வீட்டு விளக்கு மொத்தமும் அணைந்துபோகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒயர் நம் மாமியார் காலத்து ஒயர், அந்த ஹீட்டரைத் தாங்காது என்றார். அப்புறம் அந்த ஆள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"என்னம்மா, இத்தனை வருஷம் ஹீட்டரே இல்லாமயா இருந்தீங்க?"

"என் வீடு எப்பவும் கதகதன்னு இருக்கும். எல்லாம் ஒரு சாமர்த்தியந்தான்."

"சாமர்த்தியம் யாரோடது? பக்கத்து வீட்டுல ஆள் இருக்கா?"

"இருந்தா. போயிட்டா."

"அப்ப அதுதான். சுவருக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பக்கம் ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்ன சொல்ல வருகிறார்? உன்னால்தான் என் வீடு சூடாக இருந்தது என்றா? எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு சூடுதான் இன்றைக்கு வீட்டில்.

ராத்திரி இரண்டு கம்பளி போர்த்தியும் இருமல் நிற்கவில்லை. மகன் போனில் சொல்லிவிட்டான்: "ஜனவரி முதல் ஞாயிறு வரேம்மா. அன்னிக்கும் வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருந்தா நீ பெட்டி கட்டிடணும். பேச்சே கிடையாது." அவன் வீட்டில் எனக்கு ஹாலில் சோபா. மருமகள் நல்லவள்தான், ஆனால் நான் தும்மினால்கூட எழுந்து ஜன்னலைப் பார்ப்பாள். இந்த வீட்டை விட்டு நான் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நீ சந்தோஷப்படுவாய். பாகம் பிரிக்கும்போது தெருப் பக்கம் பார்த்த வடக்குப் பாதிதான் கௌரவம் என்று என்னை வாங்க வைத்துவிட்டு வெயில் பக்கத்தை வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டவள் நீ. ஒரு சாண் சுவர் போதும் என்ற கொத்தனாரிடம், "ஒரு முழம் வைங்க, கருங்கல்லா வைங்க" என்றவள் நீ. நான் கேட்டதற்கு, "இருக்கட்டும்க்கா, அதுதான் நல்லது" என்றாய். ஒரு முழம்! என் மூச்சுக்காற்றுகூட உன் பக்கம் வரக்கூடாதென்று. அப்புறம் கூரையைத் தெற்கே நீட்டித் தொப்பி போட்ட மாதிரி செய்தாய். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த மரம், ஒவ்வொரு இலையுதிர்காலமும் என் வாசலை நிறைக்கிற உன் மரம், வெட்டு என்று என் வீட்டுக்காரர் எத்தனை முறை கேட்டார். ஏழு முறை.

ஒன்றும் மறக்கவில்லை.

பெரியவள்

*

டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதம். எழுத நேரமாகிவிடுகிறது.

அக்கா, கவரைத் திறங்கள். என் கையால் கொடுத்தது என்று நினைக்காதீர்கள். கதவிடுக்கில் கிடந்தது என்று நினையுங்கள்.

இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அதைப் பற்றி எழுதவே இல்லையே.

சின்னவள்

*

டிசம்பர் 16

சின்னவளுக்கு,

நலம். டாக்டரைப் பார்க்கவில்லை.

திறந்தேன். உன் வீட்டுச் சாவி. அதோடு நாலு வரி: "அக்கா, காலை ஒன்பதுக்குத் தெற்கு ஜன்னல் திரையை விலக்குங்கள். பொழுது சாயும்போது திரையை மூடி, மேலே கம்பளியைத் தொங்கவிடுங்கள். கதவிடுக்கில் மணல் பையைப் போடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்." இரண்டரை மாதம் நான் விறைத்துக்கொண்டிருந்தேன், அது என் டிராயரில் பூட்டிக் கிடந்தது. பூட்டியதும் நான்தான். நீ இதற்குச் சிரிக்கக் கூடாது.

உன் வீட்டுக்குள் கடைசியாக நான் கால் வைத்தது பாகத்துக்கு முன்னால். அப்போது அது என் வீடும்தான். கதவைத் திறந்ததும் ஒரு வாடை, ஆள் இல்லாத வாடை. உன் மகள் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடியிருக்கிறாள். தரையில் தடிமனாகக் கம்பளம் விரித்திருக்கிறாள். ஜன்னலில் இரட்டைத் திரை. வெயில் பட்டால் சோபா வெளுத்துப்போகும் என்று நினைத்திருப்பாள். நடுச்சுவரை மறைத்து ஒரு பெரிய அலமாரி. நான் நின்ற இடத்தில் என் சத்தமே எனக்குக் கேட்டது. பல் கிடுகிடுவென்று அடித்த சத்தம்.

திரையை விலக்கினேன். வெயில் வந்தது. நன்றாகத்தான் வந்தது. சாயங்காலம் வரைக்கும் உன் வீட்டில் அலைந்துவிட்டு என் பக்கம் வந்து சுவரைத் தொட்டேன். பிணம். மறுநாளும் பிணம். மூன்றாம் நாளும்.

உன் வைத்தியம் பலிக்கவில்லை. மகன் வர மூன்று வாரம்கூட இல்லை.

பெரியவள்

*

டிசம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை மகள் அவசரத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

அலமாரி எனக்குத் தெரியாது. நான் கிளம்பிய பிறகு வைத்திருக்கிறாள். அதை நகர்த்தச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நல்ல மனுஷர் போலிருக்கிறது. கம்பளத்தைச் சுருட்டிவிடுங்கள். தரை கல், சுவர் கல். வெயில் கல்லில்தான் விழ வேண்டும், துணியில் விழுந்தால் துணியோடு போய்விடும்.

என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்று நீங்களே சொல்லிக் காட்டினீர்கள். சூளையில் நெருப்பை நிறுத்தி இரண்டு நாளானாலும் சுவர் சுடும். அப்பா அதில் முதுகைச் சாய்த்துத் தூங்குவார். கெட்டியான கல் மெதுவாக வாங்கும், மெதுவாகக் கொடுக்கும் என்பார். இரண்டு மாதம் குளிர்ந்த கல்லுக்கு நாலைந்து நாள் வெயில் வேண்டும், அக்கா. அவசரப்படாதீர்கள்.

கூரையைத் தொப்பி என்று எழுதியிருந்தீர்கள். கோடையில் வெயில் உச்சியில் நடக்கும், தொப்பி அதை உள்ளே விடாது. குளிர்காலத்தில் தாழ நடக்கும், தொப்பிக்குக் கீழே குனிந்து சுவர் வரைக்கும் வந்துவிடும்.

திரை மூடும் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூடாவிட்டால் பகலில் வந்ததெல்லாம் கண்ணாடி வழியாகவே திரும்பிப் போய்விடும்.

சின்னவள்

*

ஜனவரி 9

சின்னவளுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

எலெக்ட்ரீஷியன் தன் மைத்துனரோடு வந்து அலமாரியை நகர்த்தினார். அதற்குப் பின்னால் உன் சுவர். இவ்வளவு அடர்ந்த சிவப்பாகவா அடிப்பாள் மனுஷி என்று முதலில் நினைத்தேன். "இருட்டு நிறம் வெயிலைக் குடிக்கும்மா" என்றார் அவர். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

வேலைக்குப் போகிறவள் மாதிரி தினம் ஒன்பது மணிக்கு உன் வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் என் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தேன். முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. திடுக்கிட்டு எழுந்துவிட்டேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வந்தான். வேண்டுமென்றே நேரம் கழித்துத்தான் வந்தான், குளிர் ஏறட்டும் என்று. மப்ளரைக் கழற்றினான். கோட்டைக் கழற்றினான். ஹாலில் நடந்து நடந்து பார்த்தான்.

"ஹீட்டர் எங்கம்மா?"

"பெட்டியில இருக்கு. போகும்போது எடுத்துட்டுப் போ."

"பின்ன எப்படி?"

"சுவர்ல கை வை."

வைத்தான். எடுக்கவே இல்லை. போகும்போது ஹீட்டரைக் காரில் வைத்தான். இந்தக் குளிர்காலம் நான் இங்கேதான். இந்த வருஷம் என்றுதான் சொல்லியிருக்கிறான். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் மரத்தில் ஒரு இலைகூட இல்லை. ஜன்னலுக்கு நேராக அம்மணமாக நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு வெயில் வருகிறது என்று இன்றைக்குப் புரிந்தது. முப்பத்தொரு வருஷம் நான் திட்டிக்கொண்டே பெருக்கிய ஒவ்வொரு இலையும் எனக்கு வெயிலை விட்டுக்கொடுத்த இலை. இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதே.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று. உன் எழுத்து ஏன் கோணிக்கொண்டு மேலே ஏறுகிறது? மூன்று கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவது கோட்டோடு போகிறது. மூன்றாவது தாளின் மூலைக்கே ஓடுகிறது. உனக்கு முத்து முத்தாக எழுத வரும். அதற்காகவும் எனக்கு உன் மேல் கோபம் இருந்தது.

இரண்டு. உன் பக்கச் சுவரில், நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் ஒரு எண்ணெய்க் கறை. உள்ளங்கை அகலம். என் பக்கமும் அதே இடத்தில் ஒன்று இருக்கிறது. முழக் கயிறு வைத்து ஜன்னலிலிருந்து அளந்தேன். நேருக்கு நேர்.

உன் சுவரில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லட்டுமா?

பெரியவள்

*

பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

நலம். மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

சாயங்காலம் வரை என்ன செய்வது என்று தெரியாமல் இப்போது மதியமெல்லாம் உன் பக்கமே உட்கார்ந்திருக்கிறேன், உன் நாற்காலியில். வெயில் காலில் ஏறி மடிக்கு வரும். என் பக்கத்துச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் சத்தம் போட வேண்டியவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், எப்படிக் கேட்கும்?

நேற்று ஒருவன் வந்தான். உன் மகள் அனுப்பினாளாம். வீடு பார்க்க வேண்டும், சாவி கொடுங்கள் என்றான். வாங்கினால் தெற்கே ஒட்டி இரண்டு மாடி எழுப்புவானாம், மரத்தை எடுத்துவிடுவானாம். கையை நீட்டி நீட்டிச் சொன்னான்.

சாவி தொலைந்துவிட்டது என்றேன்.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு குண்டூசியைத் தொலைத்தவள் இல்லை நான். சொல்லும்போது சாவி என் இடுப்பில் இருந்தது.

உனக்குத் தெரிந்துதான் அவன் வந்தானா? அதைமட்டும் எழுது. நீ விற்றால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பெரியவள்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இதை நானேதான் எழுதுகிறேன். அட்டையை வரிக்கு அடியில் வைத்து, அது தடுக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் போன வருஷமே மங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு முறை அடுப்பில் கை வைத்துவிட்டேன். அதனால்தான் மகள் அழைத்துக்கொண்டு வந்தாள். ஜனவரியில் ஒரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அது சரியாக வரவில்லை. உங்களுக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

எதிர்க்கட்டிடத்து வெயிலும் இப்போது தெரியவில்லை. இங்கே ஜன்னல் திறக்காது. மிஷின் காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வருகிறது, அதனால் மணி என்ன, கிழக்கு எது என்று கன்னத்துக்குத் தெரிவதில்லை. அங்கே தெரியும்.

வீட்டை விற்பது பற்றி மகள் என்னிடம் சொன்னாள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது என் பழைய வழக்கம், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சாவியைத் தொலைத்த கடிதத்தை மகளையே படித்துக்காட்டச் சொன்னேன். "பெரியம்மா பொய் சொல்வாங்களா?" என்றாள். "சொல்ல மாட்டாங்க, அதனாலதான் விக்க வேணாங்கறேன்" என்றேன். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு விற்கவில்லை.

வடக்குப் பாதியை நீங்களே கேட்டு வாங்கினீர்கள் அக்கா, எனக்கும் கொஞ்சம் ஞாபகம் உண்டு. உங்களுக்கு நெஞ்சுச் சளி, அந்தப் பாதிக்கு வெயிலே கிடையாது. அதனால் சுவரை ஒரு முழம் வைக்கச் சொன்னேன். அன்று விளக்கமாகச் சொல்லியிருந்தால் நீங்கள் நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டிருப்பீர்கள்.

உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் சின்ன இடைவெளி இருக்கிறது. உங்கள் இருமல் அதன் வழியாகக் கேட்கும். நின்றுவிட்டால் நானும் படுக்கப் போவேன். இங்கே எப்போது படுப்பது என்று தெரியவில்லை.

சுண்ணாம்பு அடிக்காதீர்கள்.

சின்னவள்

*

பிப்ரவரி 26

சின்னவளுக்கு,

நான் நலம். நீ நலமில்லை, அதனால் நலமா என்று கேட்கவில்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வடக்குப் பாதியை நானே கேட்டு வாங்கினேன் என்கிறாய். யோசித்துப் பார்த்தேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை இப்போது விடு.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இப்போதுதான் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கண் போவது தெரிந்தும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என்னிடம் சொல்லவில்லை. இதை மற்றவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். இதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

உன் வீட்டில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன், தெரிந்துகொள். கம்பளத்தை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். தடுக்கி விழ ஒன்றும் இல்லை. கதவிலிருந்து உன் நாற்காலி வரைக்கும் சுவரை ஒட்டி வழி விட்டிருக்கிறேன். சிவப்புச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தால் பதினாலு அடி, அப்புறம் நாற்காலி. நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். முதல் முறை இடித்துக்கொண்டேன். எந்த இடத்தில் வெயில் கன்னத்தில் படுகிறதோ அங்கே நின்று உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது. அடுப்பு வேலை என் பக்கம் நடக்கும். நான் ஒருத்திக்குச் சமைத்தால் மிச்சமாகிறது, கொட்ட வேண்டியிருக்கிறது. தட்டை உன் கதவடியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன், கையில் கொடுக்க மாட்டேன்.

வா என்று நான் எழுதவில்லை. இந்தத் தாளில் அந்த வார்த்தை எங்கேயும் இல்லை, உன் மகளைப் படித்துப் பார்க்கச் சொல். திரையைத் திறந்து வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். மார்ச் முடிய வெயில் சுவர் வரைக்கும் வரும். அப்புறம் அது மேலே ஏறிவிடும், தொப்பி தடுத்துவிடும், அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருந்து பழக்கம். உனக்கு எப்படியோ.

ஒருவேளை என்றைக்காவது நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், சுவரில் இரண்டு தட்டு தட்டு. முழச் சுவர்தான், ஆனால் என் காது இன்னும் கேட்கிறது.

நான் பேச மாட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

திருப்பித் தட்டுவேன்.

பெரியவள்